நாலாம் மைக்கில் பேசியது நான்

எனக்கு அறுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில்தான் வளர்ந்தன. ஐந்தும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன், அதற்கு மேல் எழுத்துக்கூட்டித்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகனுடைய மகள் யாழினி எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருத்தி பேசியதை இன்னொருத்தி பேரில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் எங்கள் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பேக்கிங் கூடத்திலும் மைக் மாட்டப் போகிறார்களாம். அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

“அக்கா, உங்க காலத்துல அந்த மைக்கால ஏதோ தகராறு வந்துச்சாமே. என்னா நடந்துச்சு?”

“அங்க என்னான்னு சொல்லிக்கிறாங்க?”

“மிஷினு கோளாறுன்னு சொல்றாங்க.”

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது கேட்டதைக் கேட்டபடிதான் அனுப்பியது. கோளாறு வேறு இடத்தில். அதைச் சொல்லத்தான் இந்தப் பிள்ளையைப் பேனாவோடு உட்கார வைத்திருக்கிறேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்கள் பொம்மையையும் ஊறுகாய்ச் சாடியையும் நினைப்பார்கள். எங்கள் கம்பெனியில் செய்வது கரண்டு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான். நூல்கண்டு மாதிரி இடுப்பு ஒடுங்கி, நடுவில் துளையோடு இருக்கும். கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த நான், முதலில் மண் சுமந்தேன், பிறகு அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பீங்கானுக்கு ஓரம் துடைத்தேன். மூத்தவன் நடக்க ஆரம்பித்த சமயத்தில் தட்டும் கூடத்துக்கு வந்தேன். அங்கேயே இருந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன்.

தட்டுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். சூளையிலிருந்து வந்த பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். மேலே பூசின கிளேஸ் பளபளவென்று மறைத்துவிடும். பீங்கானின் துளைக்குள் இடது கை விரலை விட்டுத் தொங்கவிட வேண்டும். பிடிக்கக் கூடாது. பிடித்தால் நல்ல பீங்கானும் ஊமையாகிவிடும். வலது கையில் சின்ன மரச்சுத்தி. பீங்கானின் தோள்பட்டையில் ஒரு தட்டு. நல்லது ‘டங்’ என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பாடும். கீறல் இருந்தால் ‘டொக்’. நல்லது வலது கூடைக்கு, கெட்டது இடது கூடைக்கு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு. பாடும், ஆனால் சீக்கிரம் வாயை மூடிக்கொள்ளும். அதை எந்தக் கூடையிலும் போடக் கூடாது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். மடி நிறைந்ததும் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் தட்டிச் சொல்வதுதான் முடிவு. அவள் மடியில் இருப்பதை நாம் தட்டிச் சொல்ல வேண்டும். தன் சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொள்ளக் கூடாது. இது எங்கள் கூடத்துச் சட்டம். எங்கும் எழுதி ஒட்டினது கிடையாது. கோவிந்தன் மேஸ்திரி வாயால் சொன்னது.

அந்த மேஸ்திரி கூடத்துக்குள் வந்தால் எங்களைப் பார்க்க மாட்டார். வாசல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். காது மட்டும் எங்களிடம் இருக்கும். எட்டு மேசையில் எட்டுப் பேர் தட்டுகிற அந்தக் கலவரத்துக்குள், “மூணாவது மேசை, அது மடிக்குப் போவணும்” என்பார். திரும்பியே பார்த்திருக்க மாட்டார். எனக்கு முதல் மாதம் அவரைக் கண்டாலே பயம்.

ஆனால் அந்த மனிதரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் பேச ஆரம்பித்தோம் என்றால், மாமியார் கதை, புருஷன் கதை, சில நாள் அவர் கதையே, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பேசுங்க, பேசுங்க, நான் பீடி புடிச்சிட்டு வரேன்” என்று வெளியே போய்விடுவார். பீங்கான் சத்தம் அவருடையது, எங்கள் சத்தம் எங்களுடையது. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மைக் வந்த பிறகுதான் அந்தப் பீடியின் அருமை தெரிந்தது.

இப்போது இருக்கும் மேனேஜர் நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு வந்தவர். அவர் கத்த மாட்டார். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. கூடத்துக்கு வரவே மாட்டார், யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் தன் அறைக்குக் கூப்பிடுவார். “உட்காருங்கம்மா” என்று நாற்காலி காட்டுவார். தண்ணீர் பாட்டிலை நம் பக்கம் நகர்த்துவார். பிறகு பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே, பஞ்சில் ஊசி வைத்த மாதிரி பேசுவார். “நான் தப்பா எடுத்துக்கல” என்று ஆரம்பித்தால் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். மைக் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. “நான் சொல்லலம்மா, சிஸ்டம் சொல்லுது.”

மைக் மாட்ட வந்தது நிவேதா என்ற பொண்ணு. சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மேசைக்கு ஒன்றாக எட்டு மைக். கொக்குக் கழுத்து மாதிரி வளையும் கம்பியின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு தலை. எட்டிலிருந்தும் ஒயர் வந்து, சுவரில் இருந்த டிபன்பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் நுழைந்தது. அந்தப் பெட்டியிலிருந்து இன்டர்நெட் ஒயர் ஒன்றே ஒன்று வெளியே போனது. எட்டு நுழைகிறது, ஒன்று போகிறது. எனக்கு அது புரியவில்லை.

“ஏம்மா, எட்டும் ஒண்ணாக் கலந்து கூழாயிடாதா?”

அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கலக்காது பெரியம்மா. ஒவ்வொரு மேசை சத்தத்தையும் பொடிப் பொடியா நறுக்கி, மேல நம்பர் போட்டுடும். ஒண்ணாம் மேசையில ஒரு துண்டு, ரெண்டாம் மேசையில ஒரு துண்டுன்னு எட்டு வரைக்கும் வரிசையா அனுப்பும். மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். சென்னையில இருக்குற கம்ப்யூட்டர் நம்பரைப் பாத்துப் பாத்து பிரிச்சு ஒட்டிக்கும். நீங்க இங்க தட்டி முடிக்கிறதுக்குள்ள அங்க கேட்டுடும்.”

“எட்டுப் பிரியா சடை பின்னி அனுப்புறீங்க. அங்க அவுத்துக்கிறாங்க.”

“அதேதான்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் காதில் இருந்ததைக் கழற்றி என் காதில் மாட்டினாள். நம்பர் ஒன்றை அமுக்கினாள், ஒன்றாம் மேசை மட்டும் கேட்டது. ஐந்தை அமுக்கினாள், ஐந்தாம் மேசையில் ஜமீலா மூக்கை உறிஞ்சுவது வரைக்கும் கேட்டது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, எது நல்லது எது கெட்டது என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கப் போகிறார்கள் என்றாள்.

“பேச்சும் போவுமா?”

“போகும். ஆனா எங்களுக்குத் தட்டுற சத்தம்தான் வேணும், பேச்சைக் குறைச்சிடுவோம்.”

“சாப்பாட்டு நேரத்துல மூடிடுவீங்கல்ல?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “காலையில ஷிப்ட் ஆரம்பிச்சதும் லைன் திறக்கும், முடிஞ்சப்புறம்தான் மூடும். நடுவுல மூடவும் வைக்கலாம், அதை மேனேஜர் சார்தான் சொல்லணும். யாரும் உட்காந்து கேக்க மாட்டாங்க பெரியம்மா.”

அவள் நம்பித்தான் சொன்னாள்.

முதல் சில நாள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். ஜமீலாதான் அதை உடைத்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், எனக்கு ஏழெட்டு வயது இளையவள், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. மைக்கின் கழுத்தைப் பிடித்து வாய் அருகே இழுத்து, “மெட்ராஸ் அண்ணே, கேக்குதா? பிரியாணி ஒரு பொட்டலம் ஒயருல அனுப்பவா?” என்றாள். இன்னொரு நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. தினமும் எட்டு மைக்கிலும் ஒரே நேரத்தில் ஊளையிடுகிற மிஷின் எது என்று கேட்டார்களாம். “ஜங்ஷன்ல ரயிலு கூவுது, அதையும் ரிப்பேர் பண்ணச் சொல்லவா?” என்றாள் ஜமீலா. அதற்குப் பிறகு மைக் இருப்பதையே மறந்துவிட்டோம். சுவரில் பல்லி இருக்கிறது என்று யார் பேசாமல் இருக்கிறார்கள்?

மேனேஜர் ஒரு உத்தரவு போட்டிருந்தார். அவரவர் மேசையில்தான் அவரவர் உட்கார வேண்டும். ஒன்றாம் மைக் என்றால் இன்னார், இரண்டாம் மைக் என்றால் இன்னார் என்று பேர் ஏற்றியாகிவிட்டது, இடம் மாறக் கூடாது. நாலாம் மைக்குக்குப் பூங்கொடி பேர். எட்டாம் மைக்குக்கு என் பேர்.

பூங்கொடிக்கு அப்போது ஏழு மாதம். அவள் புருஷன் போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்தான். நாலாம் மேசை எதை ஒட்டி இருக்கிறது தெரியுமா? சூளையிலிருந்து பீங்கான் வண்டி வெளியே வரும் தண்டவாளத்தை ஒட்டி. வண்டி வந்து நின்றால் முகத்தில் அனல் அடிக்கும். எட்டாம் மேசை ஜன்னல் ஓரம். மாசமாக இருப்பவளைச் சூட்டுப் பக்கம் உட்கார வைக்கக் கூடாது என்பதும் மேஸ்திரி காலத்துச் சட்டம்தான். மூத்தவனுக்குப் பிறகு பிறந்த என் இரண்டு பிள்ளைக்கும் யாரோ ஒருத்தி எழுந்து எனக்கு ஜன்னலைக் கொடுத்திருக்கிறாள். அதனால் காலையில் வருகைப் பதிவின்போது அவரவர் இடத்தில் இருப்போம். டீ குடித்ததும் நானும் பூங்கொடியும் இடம் மாறிக்கொள்வோம். மேனேஜருக்குத் தெரியாது. எங்கள் சத்தம் மட்டும்தான் அவரிடம் இருந்தது, எங்களை வந்து பார்த்தால்தானே தெரியும்?

அன்றைக்கு மழை. வெளியூருக்குப் போன சரக்கில் நிறையக் கீறல் என்று திரும்பி வந்திருந்தது. மேனேஜர் எங்களை வாசலுக்குக் கூப்பிட்டு, “தட்டும்போது கவனம் போதலம்மா. நான் தப்பா எடுத்துக்கல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக வேப்ப மரத்தடியில் சாப்பிடுவோம். மழையால் அன்றைக்கு மேசையிலேயே டப்பாவைத் திறந்தோம். நான் நாலாம் மேசையில் இருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னேன்.

“நம்ம காது இன்னிக்கு நேத்துக் காதா? லாரி நிக்குதுன்னு, சூளை ஆறுறதுக்கு முன்ன கதவைத் தொறக்கச் சொன்னது யாரு? சூட்டோட இழுத்தா, இங்க பாடுற பீங்கான் ஊரு போயி சேர்றதுக்குள்ள கீறல் விட்டுப்பூடும். அதுக்கு நம்ம தலைதான் கெடச்சுதா?”

“அவரை ஏங்கா திட்டுற? பார்க்க நல்லாத்தானே இருக்காரு” என்று ஜமீலா கிண்டினாள்.

“நல்லாத்தான் இருப்பாரு. மேல கிளேஸு வெள்ளை வெளேர்னு இருக்குது. வெரல்ல மாட்டி ஒரு தட்டு தட்டிப் பாரு, அந்த ஆளு டொக்குன்னுதான் சொல்லுவாரு.”

கூடமே சிரித்தது. ஜன்னல் ஓரத்திலிருந்து பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வெக்காதீங்கக்கா, உள்ள இருக்குறது ஒதைக்குது” என்றாள்.

இந்த இடத்தில் யாழினி பேனாவை நிறுத்திவிட்டு, “ஆயா, அந்த டொக்கு வரியை எழுதணுமா? அவரு இன்னும் அங்கதானே இருக்காரு” என்று கேட்கிறாள். எழுதுடி. அதை எழுதாவிட்டால் மற்றதை எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பூங்கொடியைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நான் அப்போது பக்கத்துக் கூடத்தில் சரக்கு எண்ணப் போயிருந்தேன். ஜமீலாதான் சொன்னாள். நான் அந்த டொக்குப் பேச்சுப் பேசியபோது மேனேஜர் சென்னையோடு லைனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். முதலாளி வீட்டுப் பிள்ளையும் அந்தப் பக்கம் கேட்டாராம். நாலாம் மைக், பூங்கொடி பேர். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது பேறுகால விடுப்பும் கிடையாது, பிள்ளை பெற்று வந்தால் வேலையும் கிடையாது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“என் பேரைச் சொல்ல வேண்டியதுதானேடி?”

“சொன்னா எடம் மாறுனதும் தெரிஞ்சிடும். உங்களையும் நிறுத்திடுவாங்க. எனக்கோசரம்தானே அனல்ல உக்காந்தீங்க.”

“நிறுத்தினா நிறுத்தட்டும். என் வாயில வந்த வார்த்தையை நீ ஏன்டி சொமக்கணும்? உன் வயித்துல இருக்குறது பத்தாதா?”

மறுநாள் காலை முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். தட்டும் கூடத்துக்குப் போகவில்லை, நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நாற்காலியைக் காட்டினார். நின்றேன். தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். தொடவில்லை.

“அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல பேசுனது நானு. பூங்கொடி இல்ல.”

அவர் சிரித்தார். பேனா டக் டக். “உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. மாசமா இருக்குற பொண்ணு, காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. ஆனா நான் சொல்லல, சிஸ்டம் சொல்லுது. நாலாம் மைக்.”

“நாலாம் மைக்குல நான்தான் இருந்தேன்.”

“நீங்க எட்டாம் மேசை.”

“டீக்கு அப்புறம் நாலாம் மேசை. அவளுக்கு அனல் ஆகாது. நாங்கதான் மாத்திக்கிட்டோம். அதுக்கு என்னா உண்டோ அதையும் எம்பேர்லயே போடுங்க.”

அவர் நம்பவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி, “நீங்களே கேளுங்க” என்று போட்டார். என் பேச்சுத்தான். ஆனால் பேச்சைக் குறைத்துவிடுகிறோம் என்று நிவேதா சொன்னாளே, அதைச் செய்திருந்தார்கள். சளி பிடித்த கிளி தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது மட்டும் மணி மாதிரி தெளிவாகக் கேட்டது. இருபது வயதா அறுபது வயதா, பெண்ணா பிள்ளையா, எதுவும் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளை கேட்டாலும் என் குரல் என்று சொல்லாது.

“பாருங்க. இது உங்க குரலா?”

“என் குரலைப் பொடி பண்ணி சலிச்சு வச்சிருக்கீங்க. இப்ப நேரா கேளுங்க.” அவர் மேசையைக் கையால் ஒரு தட்டு தட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். “மேல கிளேஸு வெள்ளை வெளேர்னு இருக்குது. வெரல்ல மாட்டி ஒரு தட்டு தட்டிப் பாரு, அந்த ஆளு டொக்குன்னுதான் சொல்லுவாரு. இதைச் சொன்னவ நான். அஞ்சலை.”

அந்த மனிதருக்குக் கோபம் வந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன். வரவில்லை. தலையைச் சாய்த்துப் பரிதாபமாகப் பார்த்து, “இப்ப போட்டுக் காட்டுனதைத்தான் திருப்பிச் சொல்றீங்கம்மா” என்றார்.

என் முழு வயதில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. நான் செய்த குற்றத்தை நானே சுமந்துகொண்டு போய் மேசையில் வைக்கிறேன், அது உன்னுடையது இல்லை, எடுத்துக்கொண்டு போ என்கிறார். இவ்வளவு கடுமையாகப் பேச இந்தக் கிழவிக்கு யோக்யதை இல்லை என்று நினைத்தாரா? அல்லது ஒரு நம்பரை நம்புவது ஒரு மனுஷியை நம்புவதைவிட அவருக்குச் சுலபமாக இருந்ததா?

அப்போதுதான் மடி ஞாபகம் வந்தது.

“சார், எங்க கூடத்துல சந்தேகம் வந்தா பக்கத்து மேசைக்குக் குடுப்போம். நீங்க சந்தேகப்பட்டீங்க, நீங்களே தீர்த்துக்கிட்டீங்க. நாலாம் மைக்கைக் கேட்டீங்க. எட்டாம் மைக்கைக் கேட்டீங்களா?”

“எட்டுல என்ன இருக்கு?”

“அதே நேரம், எட்டாம் மைக்குல நான் இருந்தேன்னுதானே உங்க சிஸ்டம் சொல்லுது? நான் என்ன பேசுனேன்னு கேளுங்க. நீங்க போட வேணாம். அந்த நிவேதாப் பொண்ணைப் போடச் சொல்லுங்க.”

ஏனோ போன் போட்டார். சின்ன விஷயம், கிழவி திருப்தியாகப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம். போனை மேசையில் வைத்துச் சத்தமாக விட்டார். நிவேதா நேரத்தைக் கேட்டுக்கொண்டாள். “எட்டாம் சேனல் மட்டும் போடுறேன் சார். பேச்சைக் குறைக்காம, வந்தது வந்தபடி இருக்கு, அதையே போடவா?”

முதலில் மழை கேட்டது. அது ஜன்னல் ஓர மைக். தூரத்தில் என் பேச்சு, பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி. பிறகு எல்லோருடைய சிரிப்பு. அதற்குப் பிறகு மைக்கை ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு இளங்குரல்: “சிரிக்க வெக்காதீங்கக்கா, உள்ள இருக்குறது ஒதைக்குது.”

பேனா நின்றது.

“எட்டாம் மேசை என் பேரு சார்” என்றேன். “எனக்கு ஏழு மாசம்னு எழுதி வச்சுக்கிறீங்களா?”

போனுக்குள் நிவேதா சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: “சார், எந்த மைக்குன்னுதான் சிஸ்டத்துக்குத் தெரியும். யாருன்னு தெரியாது. பேரு நாம எழுதினது.”

மேனேஜர் போனை அணைத்தார். ஜன்னலைப் பார்த்தார். “சரிம்மா. அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க.”

“என்னை?”

“நீங்க போய் வேலையைப் பாருங்க.”

“நான் பேசுனேன்னு எழுதிக்குங்க சார். அதுக்கு என்னா தண்டனையோ குடுங்க.”

“விடுங்கம்மா. நான் தப்பா எடுத்துக்கல.”

பூங்கொடி வந்தாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள், இந்த முறை ஒளிக்காமல். விடுப்பில் போனாள், பெண் குழந்தை பிறந்தது, திரும்பவும் வந்துவிட்டாள். அவள் விஷயம் நல்லபடியாக முடிந்தது. என் விஷயம் முடியவில்லை.

கம்பெனி முழுக்க அவர் சொல்லச் சொன்னது இதுதான்: மைக் நம்பர் மாறிப்போச்சு, மிஷின் கோளாறு, தவறு நடந்துவிட்டது. மிஷின் வாயில்லாதது, அது வந்து மறுக்கப்போவதில்லை. இடம் மாறியதும் இல்லை, சூளைக் கதவும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. என் பேச்சு காற்றோடு போய்விட்டது. பூங்கொடி சொன்னதாக இருந்தவரை அது வேலையைப் பறிக்கிற குற்றம். நான் சொன்னது என்று ஆன நிமிஷத்தில் அது ஒன்றுமே இல்லாமல் போனது. இதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷம் எனக்கு வழியனுப்பு விழா. சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேனேஜர் பேசினார். “இத்தனை வருஷத்துல அஞ்சலையம்மா வாயிலேர்ந்து ஒரு கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்ல” என்றார். ஜமீலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். நான் எழுந்தேன், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். “பரவால்லம்மா, உக்காருங்க, டீ ஆறிடும்” என்று மைக்கை எடுத்துப்போய் வைத்துவிட்டார்கள். சோறு தின்னும்போது என் வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. பேச நின்றபோது ஒன்றுகூட இல்லை.

பேக்கிங் கூடத்துப் பெண்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். மைக் மாட்டட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லைனை மூடச் சொல்லுங்கள். மூட முடியும் என்று அந்த இன்ஜினீயர்ப் பொண்ணே சொல்லியிருக்கிறாள், மூட மனசு வர வேண்டும், அவ்வளவுதான். யார் கேட்கிறார்கள் என்று பேரைக் கேளுங்கள். நம் பேரை மைக்கில் எழுதுகிறவர்கள் அவர்கள் பேரையும் எழுதட்டும். மாசமாக இருக்கிறவளுக்கு ஜன்னலைக் கொடுப்பதை எந்த உத்தரவுக்காகவும் நிறுத்தாதீர்கள். யாராவது உங்களிடம் மிஷின் கோளாறு என்று சொன்னால், இதை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். வேப்ப மரத்தடியில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் நான் சொன்னதுதான் இதில் இருக்கிறதா என்று எனக்கே ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளை பேனாவை நிறுத்திய இடத்தை நான் மறக்கவில்லை. என் சந்தேகத்தை நானே தீர்த்துக்கொள்ள முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கண் ஒத்துழைக்கவில்லை.

யாழினி, மொதல்லேர்ந்து நிதானமாப் படி. அந்த டொக்கு வரி வரும்போது கொஞ்சம் நிறுத்து. அதைச் சொன்னது யாருன்னு நீ எழுதியிருக்கன்னு நான் கேக்கணும்.